இடது இறக்கையில் நீலம்

“ஒண்ணரை மாசம் ஹேங்கர்ல வச்சிருந்தீங்களே, அப்பல்லாம் தெரியலையா…”

“மேடம், நான் சொல்றத ஸ்வல்ப கேளுங்க…”

“ஸ்வல்ப, ஸ்வல்பன்னே கொஞ்சம் கொஞ்சமா சாயங்காலம் ஆக்கிடுவீங்க!”

“பெட்ரோல் ஒழுகுற பிளேனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

ஜக்கூர் விமானத் தளம். நோராவின் இரண்டு இருக்கை விமானம் பராமரிப்பு முடிந்து இன்றுதான் வெளியே வந்திருந்தது. இறக்கைக்குள் இருக்கும் டேங்க்கை நிரப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மெக்கானிக் ஓஸ்வால்ட் இடது இறக்கைக்கு அடியில் குனிந்து காட்டினார். விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். வெள்ளைத் தகட்டில் விரல் நீளத்துக்கு நீலக் கறை.

“என் மெடிக்கல் சர்டிபிகேட் இன்னையோட முடியுது. கண்ணப் பாத்த டாக்டர் இனிமே கிடையாதுன்னுட்டார். நாளையிலேர்ந்து நான் ஓட்ட முடியாது, பக்கத்து சீட்டுதான், ஓஸ்வால்ட்.”

அவர் கறையைத் துடைத்தார்.

“ஹேண்ட்பேக்ல பௌடர் இருக்கா?”

“ஏன், என் மூஞ்சிக்கு என்ன குறை?”

“இறக்கைக்கு மேடம். எங்ககிட்ட இருந்தது தீந்துடுச்சு. பெட்ரோல் வழிஞ்சு வந்து எங்கயோ சொட்டும். கசிவு ஆரம்பிக்கிற எடத்துலதான் பௌடர் மொதல்ல நீலமாகும்.”

பௌடர் பூசிய பத்து நிமிடத்தில், டேங்க்கின் அடியில் உள்ள சின்ன வால்வைச் சுற்றி நீல வளையம் விழுந்தது. தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பறப்பதற்கு முன் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துப் பார்க்கும் வால்வு.

“ரப்பர் ரிங் புதுசு போட்டீங்கல்ல?”

“நாலு வால்வு. மூணுல போட்டேன்.”

“நாலாவது?”

“நீங்க போன் பண்ணீங்க. எப்ப ரெடி, எப்ப ரெடின்னு. பேசிட்டு வந்து பழசையே மாட்டிட்டேன். தப்பு என்னுதுதான்.”

“எத்தனாவது போன்?”

“அன்னைக்கு ஒன்பதாவது.”

நோரா போனை ஹேண்ட்பேக்குக்குள் போட்டு மூடினாள்.

பெட்ரோலை இறக்கி, புது ரிங் போட்டு, மறுபடி நிரப்பியபோது மணி ஐந்து. புதிதாகப் பௌடர் பூசியாயிற்று. நீலம் வருகிறதா என்று ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சூரியன் விழுந்தால் தளத்தை மூடிவிடுவார்கள்.

“நந்தி மலை வரைக்கும்கூட வேணாம், ஓஸ்வால்ட். சக்கரம் தரைய விட்டதும் அந்தத் தடதடப்பு டக்குன்னு நிக்குமே. அது ஒரு தடவ போதும்.”

“இருபத்தெட்டு வருஷமா கேட்டாச்சே.”

“கேட்டாச்சு. காதுலதான் நிக்க மாட்டேங்குது.”

ஆறு மணிக்கு நோரா விமானிக்கான இடது இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். ஹெப்பாள் பக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கியிருந்தது. இறக்கைக்கு அடியில் ஓஸ்வால்ட் மல்லாந்து படுத்திருந்தார். ஜன்னல் வழியே அவருடைய ஷூக்கள் மட்டும் தெரிந்தன. அவை வால்வுப் பக்கம் நகர்ந்தன. கொஞ்சம் தள்ளிப் போயின. திரும்பவும் வால்வுக்கே வந்து, அசையாமல் நின்றன.

“பௌடர் வெள்ளையாத்தானே இருக்கு, ஓஸ்வால்ட்?”