குடமில்லாத வீணை

கதை எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிக்க வேண்டுகிறேன். நான் தியாகதுருகத்தில் கணித ஆசிரியர்; கரும்பலகைக்கு வெளியே எழுதிப் பழகாதவன்.

என் மனைவி செந்தமிழ்ச்செல்வி கல்வராயன் மலையில் செவிலியர். அவருடைய குடியிருப்புக்கும் பிரசவ அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். பிறந்த குழந்தைகளின் உறக்கம் கலையுமே என்று பதினான்கு மாதங்களாக அவர் வீணையைத் தொடவில்லை.

"கை மறந்துகினே வருதுங்க. இந்த வருசமும் போச்சுன்னா அவ்ளோதான், யாருக்காச்சும் குடுத்துடலாம்" என்றார் ஒரு நாள் தொலைபேசியில்.

ஆகவே, ஒலியைப் பெருக்கும் குடமே இல்லாத ஒரு சிறு வீணை செய்தேன். இரண்டு முழப் பலாக்கட்டை, நான்கு தந்திகள், விரல் அழுத்தப் பன்னிரண்டு பித்தளை மெட்டுகள். தண்டில் தாடையைச் சாய்ப்பவருக்கு மட்டுமே அதன் நாதம் கேட்கும். மெட்டுகளின் இடங்களைப் பின்னக் கணக்கால் கண்டறிந்து, கரித்தூள் பிசைந்த தேன்மெழுகில் பதித்தேன். நாற்பத்தொரு நாள் ஆயிற்று.

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறி, துணி சுற்றிய வீணையைக் காலடியில் வைத்தேன். நடத்துநர் கொளஞ்சியப்பன் வந்தார்.

"இன்னா சார் அது?"

"வீணைங்க."

"படிச்ச மனுசன்தானே நீங்க? சரஸ்வதியப் போயி கால்கிட்ட வெச்சிக்கினு! குடுங்க இப்டி. டிரைவர் பக்கத்துல, பேனட் மேல ராணி மாரி வரட்டும்."

எடுத்துக் கொடுத்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் இஞ்சின் முனகியது. மேகம் சன்னல் வழியே வந்து மடியில் அமர்ந்தது. கண்ணயர்ந்தேன். எங்கும் தேன் மணந்தது. கனவென்றே எண்ணினேன்.

நிறுத்தத்தில் காத்திருந்த மனைவி துணியைப் பிரித்தார். இஞ்சின் சூட்டில் மெழுகு இளகிப்போயிருந்தது.

"இன்னாங்க இது, மெட்டெல்லாம் ஊர்கோலம் கெளம்பிடுச்சி!"

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அத அப்பறம் கேளுங்க. ஆறிடப் போவுது, இந்தப் பக்கம் புடிங்க."

சிமெண்டு இருக்கையில் அமர்ந்து, தண்டில் தாடையைச் சாய்த்தார். ஒரு மெட்டை விரலால் நகர்த்தினார்; மீட்டினார்; மயிரிழை பின்னுக்குத் தள்ளினார்; அடுத்ததற்குப் போனார். பனியில் அவர் முகம் மட்டுமே தெரிந்தது. எனக்கு ஓசை ஏதும் எட்டவில்லை. அவர் கண்கள் மூடியிருந்தன. உதடுகள் ஏதோ ஒரு ராகத்தின் பின்னே போய்க்கொண்டிருந்தன. மெழுகு இறுகிய பின்னும் அவருடைய விரல்கள் நிற்கவில்லை.

எட்டு மெட்டுகள் சுருதியில் நின்றன. மூன்று கோணலாக இறுகிவிட்டன. ஒன்று பேருந்திலேயே விழுந்து தொலைந்தது. என் கணக்குப்படி இருந்த இடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.