தவுனோ குபாரினனின் மிச்ச நாட்கள்

தவுனோ குபாரினனின் நெஞ்சுக்குள் பேரிங் ஒன்று தேய்ந்துகொண்டிருப்பதைக் க்யூமி ஆற்றங்கரைக் காகித ஆலையின் அதிர்வுக் கருவி ஒரு செவ்வாய்க்கிழமை காப்பி வேளையில் கண்டறிந்தது. பிழை தவுனோவுடையதுதான். முப்பது ஆண்டுகளாகத் திருப்புளியின் முனையை இயந்திரத்தில் ஊன்றி, பிடியில் காது வைத்துப் பழுதறிந்துவந்த அந்த மெக்கானிக், ஒரு சிலிண்டரிலிருந்து துடைப்பதற்காகக் கழற்றிய, அக்கருவியின் காந்த உணரியை மறுபடி பொருத்தாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விட்டார். கருவியின் அதிர்வு வரைபடங்களைக் கவனிக்கும் ஹில்க்கா, பதின்மூன்றாம் உலர்த்து சிலிண்டருக்குப் பத்தொன்பது நாட்களே மிச்சம் என்று அறிவிக்க, இயந்திரத்தை நிறுத்திப் பிரித்தார்கள். பேரிங் தேய்மானமே இல்லாமல் கண்ணாடிபோல் இருந்தது.

“கிரீஸ் அடிச்சா சரியாயிடுமா?” என்றார் தவுனோ, உணரியைப் பையிலிருந்து எடுத்து நீட்டி.

“உன் தலையில அடிச்சாத்தான் சரியாகும்.” அவர் நெஞ்சில் உணரியை வைத்து மறுபடி அளந்து, அதே பத்தொன்பது வந்தபின் ஹில்க்கா சிரிக்கவில்லை. “வேகத்தைக் குறை, சுமையைக் குறை. ரிப்பேருக்கு நிறுத்துற அடுத்த ஷட்டவுன் வரைக்கும் ஓட்டலாம்.”

“என் ஷட்டவுன் எப்போ?”

“அந்தப் பட்டியல் என்கிட்ட வர்றதில்ல.”

மருத்துவர் எதையும் காணாததால் ஆலையின் வழக்கமே பின்பற்றப்பட்டது. தவுனோ மெதுவாக நடந்தார், மெதுவாக உண்டார், நீராவிக் குளியலில் சூடு குறைந்த கீழ்ப்படியிலேயே அமர்ந்தார். ஆறு ஆண்டுகள் அந்த எண் இறங்கவில்லை; பனியில் பேருந்துக்காக ஓடிய ஒரு காலையில் மட்டும் பதினெட்டானது. அவர் சிரிக்கும்போது மேசைக் கரண்டிகள் ஒரே சீராக அதிர்ந்தன. சக தொழிலாளர்கள் அவற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள்.

பிறகு மகள் வுவோக்கோவுக்குத் திருமணம் வந்தது. வழக்கப்படி மணமகள் தந்தையோடு வால்ட்ஸ் நடனம் ஆடவேண்டும்.

“நீ உக்காந்துக்கோப்பா. நான் பக்கத்துல நின்னுக்கறேன்,” என்றாள் வுவோக்கோ.

தவுனோ ஹில்க்காவைப் பார்த்தார். “ஒரு பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?”

“மத்தவங்களுக்குன்னா மூணு நாள். நீ ஆடுற லட்சணத்துக்கு நாலு.”

அவர் இரண்டு பாட்டுகளுக்கு ஆடினார். கூடத்தின் கண்ணாடிச் சன்னல்கள் அவர் நெஞ்சின் கதியில் தட்டத் தொடங்கின. அக்கார்டியன்காரர் சற்றுத் தடுமாறி, பின் அந்தக் கதிக்கே தம் வாசிப்பை மாற்றிக்கொண்டார்.

இன்றும் ஆலையின் படிக்கட்டில் அவருக்குப் பின்னால் வருபவர்கள் தாமறியாமலே நடையைத் தளர்த்துகிறார்கள். கோடைக்கால ஷட்டவுன் பட்டியலின் கடைசி வரி ஆண்டுதோறும் ஹில்க்காவின் கையெழுத்தில் அமைகிறது: குபாரினன், பத்து நாள். பிரிக்க வேண்டாம். ஓடட்டும்.