சாலை முனையில் நின்ற ஆம்புலன்ஸ்

மார்ச் மாதத்து மதியம். வெளியே பனி உருகிக்கொண்டிருந்தது, சரளைச் சாலை முழுக்கச் சேறாகிக் கிடந்தது. அர்டிஸ் நைகார்ட் கணவன் வெர்லினுக்கு சூப் சூடாக்கிக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அறுத்து முடித்த கோதுமைக் காட்டின் நடுவே ஓர் ஆள் நடந்து வந்துகொண்டிருந்தான்.

மொன்டானாவின் அந்த வடகிழக்கு மூலையில் யாரும் நடந்து வருவதில்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் மைல் கணக்கில் காடும் காற்றும்தான். எங்கோ வண்டி பள்ளத்தில் இறங்கியிருக்கும் என்று நினைத்தவள் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். ஆள் நெருங்கிய பிறகுதான் அவனிடம் கோட்டும் இல்லை, தொப்பியும் இல்லை என்பது தெரிந்தது. கையில் டயர் மாற்றுகிற இரும்புக் கம்பி இருந்தது. நான்கடிக்கு ஒருமுறை திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் வெறும் காடு.

அர்டிஸ் உட்கதவைத் திறந்து, வெளிக்கதவின் கண்ணாடி வழியாக என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

“மேடம், கதவத் திறங்க. வந்துட்டிருக்காங்க.”

“யாரு வராங்க?”

அவன் கம்பியைக் காட்டுப் பக்கம் நீட்டினான். முப்பது வயது இருக்கும். உதடு வெடித்திருந்தது. கண்மணிகள் கறுத்து விரிந்து, ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தன. அந்தக் கண்களை அர்டிஸுக்குத் தெரியும். ஊர் ஆம்புலன்ஸில் அவள் பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் முதலுதவிக்கு ஓடுகிறவள். எண்ணெய்க் கிணற்று முகாம்களிலிருந்து, நாள்கணக்காகத் தூங்காமல் போதைத்தூளை இழுத்தே வண்டி ஓட்டிய பிள்ளைகளை ஸ்ட்ரெச்சரில் கட்டித் தூக்கி வந்திருக்கிறாள். மெல்லத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

“இப்படிப் படியில உக்காருப்பா. நான் போன் பண்ணி உதவிக்கு ஆள் வரச் சொல்றேன்.”

சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் சுருங்கியது.

“யாருக்குப் போன் பண்றீங்க? அவங்களுக்கா? நீங்களும் அவங்க ஆளா?”

அடுத்த நொடி, வாசலில் நின்ற அவளுடைய வண்டியின் முன்கண்ணாடி நொறுங்கியது. பிறகு அவன் வீட்டைச் சுற்றி ஓடி ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினான்.

அர்டிஸ் அவசர எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தவள் ட்வைலா. மாவட்டம் முழுவதற்கும் அந்த நேரத்தில் ஒரே குரல் அவளுடையதுதான். ஆம்புலன்ஸ் வேலையில் தினமும் ரேடியோவில் பேசிக்கொள்கிறவர்கள் இருவரும். அர்டிஸ் விஷயத்தைச் சொன்னதும் ட்வைலா ரேடியோவில் விசாரித்துச் சொன்னாள். தானிய லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறதாம், மாவட்டத்தின் தென்கோடியில். ஷெரீஃபின் போலீஸ் உதவியாளன் கிப் அங்கே இருக்கிறான். இந்தச் சேற்றில் அவன் வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குளிருக்குப் பயந்து அரிசோனா போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

“வெளிய வராதீங்க அர்டிஸ். வெர்லின் இருக்கிற ரூமுக்குள்ள போய்க் கதவடைங்க. போன வைக்காதீங்க. நான் கூடவே இருக்கேன்.”

தனியாக இருந்திருந்தால் அர்டிஸ் பின்வாசல் வழியாக டிராக்டரை எடுத்துக்கொண்டாவது போயிருப்பாள். ஆனால் வெர்லினை எப்படிக் கொண்டுபோவது? பூசணம் பிடித்த தானியத் தூசியை ஆயுள் முழுக்கச் சுவாசித்துச் சுவாசித்து அவன் நுரையீரல் தோல்போல விறைத்துப் போயிருந்தது. மூக்கில் குழாய், கட்டில் ஓரத்தில் ஆக்சிஜன் இயந்திரம். கழிப்பறை வரை நடந்தாலே உட்கார்ந்து இளைப்பாற வேண்டும். அர்டிஸ் போனோடு அவன் அறைக்குள் போனாள்.

“நீ போ, அர்டிஸ்” என்றான் வெர்லின். “கெழவன அவன் என்ன பண்ணிடப் போறான்.”

“பேசாம இரு.”

“அப்ப அந்த சூப்பையாவது கொண்டு வா. உள்ள வந்தா மூஞ்சில ஊத்தறேன்.”

அவள் சிரிக்கவில்லை. அலமாரியில் தேவாலயத்துக்குப் போகும்போது உடுத்துகிற கோட்டுகளுக்குப் பின்னால் இரட்டைக்குழல் துப்பாக்கி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேல்தட்டில், பறவை சுடுகிற சின்ன ரவைத் தோட்டாக்கள். கோழிக்கூண்டுக்குள் புகுந்த நாற்றக்கீரியை அதால் சுட்டிருக்கிறாள். மனிதனை நோக்கி அதைத் தூக்கியதே இல்லை. இரண்டு தோட்டாக்களைப் போட்டு மடக்கினாள். துணி அடுக்குகிற மேசையைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். கட்டிலின் முன்பக்கம், வெர்லினுக்கும் கதவுக்கும் நடுவில் முழங்காலிட்டாள். போனை ஒலிபெருக்கியில் போட்டுப் போர்வை மேல் வைத்தாள்.

சமையலறைக் கண்ணாடி உடைந்தது. பிறகு தட்டுகள், நாற்காலி. அவன் யாரிடமோ பேசினான், கெஞ்சினான், நடுவில் அழுதான். இப்படி அழுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக் கொடுப்பதுதான் இத்தனை வருடம் அவள் செய்துவந்த வேலை.

காலடிச் சத்தம் கூடத்தில் நின்றது.

“அது என்ன சத்தம்? என்ன மெஷின் அது?”

ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

“நான் பேசறத ரெக்கார்டு பண்றீங்க. நிறுத்துங்க. நிறுத்துங்கடா!”

அர்டிஸ் தடுப்பதற்குள் வெர்லின் கையை நீட்டி இயந்திரத்தை அணைத்தான். வீடு அமைதியானது. வெர்லினின் மார்பு மட்டும் ஏறி இறங்கியது. உதடு மெல்ல நீலம் பாயத் தொடங்கியது. இருவரும் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள், வெர்லினுக்கு ஒவ்வொரு மூச்சும் பெரும்பாடாக இருந்தது. வெளியே நிற்பவன் ஒருவேளை போய்விடுவானோ என்று நினைத்த நேரத்தில் கதவில் முதல் அடி விழுந்தது.

மெல்லிய பலகைக் கதவு. இரண்டாவது அடியிலேயே கம்பியின் நுனி உள்ளே தெரிந்தது.

“என் கையில துப்பாக்கி இருக்கு” என்றாள் அர்டிஸ். தன் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. “உள்ள வந்தா சுட்டுடுவேன். வெளிய போயிடுப்பா. தயவுசெஞ்சு போயிடு.”

மறுபடியும் சொன்னாள். மூன்றாவது முறை சொல்லும்போது கத்தினாள். போனுக்குள்ளிருந்து ட்வைலாவும் அவனை நிற்கச் சொல்லிக் கத்தினாள். அது வேறு தப்பாகப் போயிற்று. அறைக்குள் இன்னொரு குரல் இருக்கிறது என்று அவன் மேலும் வெறியானான். கதவு பிளந்தது. கம்பியை ஓங்கியபடி மேசை மேல் ஏறினான்.

காலைப் பார்த்துத்தான் சுட்டாயா என்று பிறகு எத்தனையோ பேர் அவளைக் கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. அவன் உயரத்தில் நின்றான், அவள் தரையில் இருந்தாள், சுட்டாள். அவ்வளவுதான்.

அவன் மேசையிலிருந்து கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்தான். கம்பி உருண்டு வந்தது. அர்டிஸ் அதைக் கட்டிலுக்கடியில் உதைத்துத் தள்ளினாள். உடனே ஆக்சிஜன் இயந்திரத்தைப் போட்டாள். பிறகு அவனைப் பார்த்தாள். இடது தொடை கிழிந்து, ரத்தம் துடிப்புக்கு ஒருமுறை பீறிட்டது. அது எந்த ரத்தக்குழாயிலிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

துப்பாக்கியை வெர்லின் மடியில் வைத்தாள். “இன்னொரு தோட்டா இருக்கு. அவன் மேலயே குறி வச்சுக்க.”

“அர்டிஸ், அவன் பக்கத்துல போகாத.”

“போகலேன்னா செத்துடுவான்.”

“செத்தா அது உன் தப்பு இல்ல.”

“தெரியும்” என்றாள். விழுந்து கிடந்தவனைத் தாண்டி மேசையில் ஏறி வெளியே ஓடினாள். வாசலருகே எப்போதும் தயாராக இருக்கும் ஆம்புலன்ஸ் பையை எடுத்துவந்தாள்.

ரத்தம் நிறுத்துகிற பட்டையைத் தொடையின் மேற்பகுதியில் மாட்டிக் குச்சியைத் திருகினாள். அவன் அலறினான். மேலும் ஒரு சுற்றுத் திருகினாள். பீறிடல் நின்று கசிவானது. துணியை வைத்துக் கையால் அழுத்திக்கொண்டாள். அவன் இப்போது கம்பி ஏந்தியவனாக இல்லை. குளிருகிறது என்றான். போர்வையை இழுத்துப் போர்த்தினாள். பெயர் கேட்டதற்கு டைரல் என்றான். பேசிக்கொண்டே இருக்கச் சொன்னாள். அம்மா ஊர் எது, என்ன வேலை பார்த்தாய் என்று, வண்டியில் எல்லாரிடமும் கேட்பதையே கேட்டாள். அவன் தலைக்கு மேலே வெர்லினின் கையில் துப்பாக்கி இருந்தது.

அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ்காரர்களை அழைக்கிற பேஜர் அவள் இடுப்பில் அலறியது. ட்வைலாவின் குரல் அதிலிருந்தும் போனிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது. துப்பாக்கிக் காயம், ஆண், முப்பது வயது, அதன்பின் முகவரி. தன் வீட்டு முகவரியை அந்தக் குரல் வாசிப்பதை அர்டிஸ் இதற்கு முன் கேட்டதில்லை.

ஊரிலிருந்து ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. உடைந்த கதவு வழியாக, கூடத்தையும் சமையலறை ஜன்னலையும் தாண்டி அதன் சிவப்பு விளக்கு சாலை முனையில் சுழல்வதை அவள் பார்த்தாள். அங்கேயே நின்றது. உள்ளே துப்பாக்கி இருக்கிற இடத்துக்கு ஷெரீஃப் ஆள் போய்ப் பார்த்துச் சொல்லும்வரை ஆம்புலன்ஸ் போகக் கூடாது. அதுதான் விதி. அர்டிஸே அப்படி எத்தனையோ சாலை முனைகளில், உள்ளே யாரோ செத்துக்கொண்டிருப்பது தெரிந்தும் காத்திருந்திருக்கிறாள்.

“ட்வைலா, அவனால இனி ஒண்ணும் முடியாது. வண்டியில இருக்கிற ஜோனெலை வரச் சொல்லு.”

“கேட்டுட்டேன் அர்டிஸ். முடியாதுன்னு மேல சொல்லிட்டாங்க. கிப் பாதி தூரம் வந்தாச்சு.”

அர்டிஸ் வாதாடவில்லை. வண்டி ஓட்டி வந்த ஜோனெலுக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். முழங்கால் மரத்துப்போனது. கை வழுக்கியபோதெல்லாம் துணியை மாற்றி அழுத்தினாள். டைரல் பதில் சொல்வது குறைந்துகொண்டே வந்தது.

கிப் உள்ளே வந்தபோது கைத்துப்பாக்கியை உருவியிருந்தான். இருபது வருடமாகத் தெரிந்தவன், ஆனாலும் அந்த நேரத்தில் அவளை அவன் பார்த்த பார்வை வேறு. வெர்லினிடமிருந்து துப்பாக்கியை வாங்கித் தோட்டாவைக் கழற்றினான்.

“கைய எடுத்துட்டுத் தள்ளி வாங்க அர்டிஸ்.”

“எடுத்தா ஓடும். ஜோனெல் கை வரட்டும், எடுக்கறேன்.”

அவன் ரேடியோவில் ஜோனெலைக் கூப்பிட்டான்.

டைரல் பிழைத்தான். ஹெலிகாப்டரில் கொண்டுபோய்க் காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். அர்டிஸ் மேல் வழக்கில்லை என்று மாவட்ட வழக்கறிஞர் அறிவித்தார். எல்லாம் போனில் பதிவாகியிருந்தது. அண்டை அயலார் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் ஊர் காபிக் கடையில் ஒருத்தன், கொஞ்சம் மேலே குறிவைத்திருந்தால் அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அதன்பின் அவள் அந்தக் கடைக்குப் போகவில்லை. ஜோனெல் ஒரு நாள் வந்து, சாலை முனையில் நின்றதைச் சொல்லி அழுதாள். நீ செய்ததுதான் சரி என்று அர்டிஸ் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். ஆனாலும் இருவருக்கும் நடுவில் முன்போலப் பேச்சு ஓடவில்லை.

இலையுதிர் காலத்தில் தண்டனை சொல்கிற நாள் வந்தது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் டைரல் அவளைப் பார்க்க விரும்புவதாக அவன் வக்கீல் வந்து கேட்டார். வேண்டாமென்றால் பரவாயில்லை என்றார். அர்டிஸ் போனாள்.

முடி வெட்டி, உடம்பு தேறி, ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்கள் ஓரிடத்தில் நின்றன. அன்றைக்கு நடந்தது எதுவும் தனக்கு நினைவில்லை என்றான். வீட்டுக்கார அம்மா சுட்டதாகவும், ஆம்புலன்ஸ்கார அம்மா ஒருத்தர் கட்டுப் போட்டுக் காப்பாற்றியதாகவும் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

“நீங்க அதுல யாரு மேடம்?”

“ரெண்டும் நான்தான்.”

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. வக்கீலைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

“அப்ப உங்ககிட்ட நான் ரெண்டு தடவ பேசணும்” என்றான்.

ஒரு தடவைதான் அவனால் முடிந்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டினது என்னால்தான் என்று வக்கீல் சொன்னார், அதற்கு மன்னிக்க வேண்டும் என்றான். அடுத்து நன்றி சொல்ல வாயெடுத்து, இல்லாத காலின் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அர்டிஸ் அதை எதிர்பார்க்கவுமில்லை. புண் ஆறிவிட்டதா, இரவில் இல்லாத கால் வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கிறது என்றான்.

உள்ளே, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி அர்டிஸைக் கேட்டார். அவள் எழுதி எடுத்துப் போகவில்லை.

“இவனுக்கு வைத்தியம் வேணும். ஜெயில்ல அது கிடைக்காதுன்னா வேற இடத்துக்கு அனுப்புங்க. ஆனா நாளைக்கே அந்தக் கதவ இவன் மறுபடி ஒடச்சா, நான் மறுபடியும் சுடுவேன். ரெண்டையும் எழுதிக்கங்க.”

நாலு வருடம் விதித்தார்கள், அதில் பாதி சிகிச்சை முகாமில். நீதிமன்றத்தில் இருந்த சிலருக்கு அது குறைவு, சிலருக்கு அதிகம். அர்டிஸ் யாரிடமும் நின்று பேசவில்லை.

வெர்லின் ஆக்சிஜன் சிலிண்டரோடு வண்டியில் காத்திருந்தான். படி ஏற முடியாது என்று உள்ளே வரவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

“நீ பை எடுக்கப் போனப்ப அவன் என்னப் பாத்தான்” என்றான். “இத உன்கிட்ட சொன்னதில்ல. சுட்டுடாதீங்க சார்னான். என் விரல் விசை மேலதான் இருந்துச்சு. சுட்டிருப்பேன் அர்டிஸ். நீ வர இன்னும் கொஞ்சம் நேரமாயிருந்தா சுட்டிருப்பேன்.”

அவள் ஒரு கையைச் சக்கரத்திலிருந்து எடுத்து அவன் கைமேல் வைத்தாள். அறுவடை முடிந்த காடுகள் இருபுறமும் மஞ்சளாகக் கிடந்தன. தங்களை யாருக்கும் தெரியாத ஊர் ஒன்று வந்ததும், பசிக்கிறது என்றான் வெர்லின். சாலையோர உணவகத்தில் இறங்கினார்கள். குழம்பு ஊற்றிய மாட்டிறைச்சி ரொட்டி இரண்டு தட்டு சொன்னார்கள். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக அர்டிஸ் தட்டைக் காலி செய்தாள். வெர்லின் தன் தட்டில் மிச்சமிருந்ததையும் அவள் பக்கம் தள்ளினான்.