இந்திராணியின் நெற்றி

கிட்ட வாங்க, கண்ணுங்களா. கை வேலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கடல் தாண்டிப் போன ஒரு முகத்தின் கதை சொல்கிறேன். இனிக்கிற கதை இல்லை, ஆனாலும் பெண் பிள்ளை பெற்றவர்கள் கேட்டு வைக்க வேண்டிய கதை.

பெரிய காஞ்சிபுரத்தில் வடிவாம்பாள் என்று ஒரு தறிக்காரர் வீட்டு அம்மாள். அவள் மூத்த மகள் இந்திராணி கல்யாணமான மறுவருஷமே பிரசவத்தில் போய்விட்டாள். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அந்த வீட்டில் யாரும் போட்டோவுக்கு நின்றதில்லை. ஆனால் மதராஸிலிருந்து வந்த ஓவியர் ஒருவர், இந்திராணி தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோது அவளை உட்கார வைத்து வரைந்திருந்தார். நவீனப் படம். முகம் பச்சை, கழுத்து கொக்குக் கழுத்து, ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது.

"என்னாடி இது, கத்திரிக்காய்க்குக் கண்ணு வெச்ச மாதிரி கீதே!" என்று வடிவாம்பாள் சிரித்தாள்.

"எல்லாத்தையும் மாத்திட்டாரும்மா. பொட்டாவது நெஜமா இருக்கட்டும், சொல்லேன்" என்றாள் இந்திராணி.

ஓவியருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. வடிவாம்பாளின் சிமிழிலிருந்தே குங்குமத்தைக் கிள்ளி, பசையில் குழைத்து, படத்தின் நெற்றியில் அப்பிவிட்டார்.

மகள் போன பிறகு அந்தப் பச்சை முகம்தான் மிச்சம். அதுவும் மதராஸில் ஒரு மியூசியத்துச் சுவரில் போய்த் தொங்கியது.

சுமங்கலியாகப் போனவளை நம் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறோம் இல்லையா? இந்திராணிக்கும் வருஷா வருஷம் தை மாதத்தில் புதுச்சேலை வைத்து, குங்குமம் வைத்துப் படைத்தார்கள். சேலையைப் புருஷன் கையால் வைப்பது அந்த வீட்டு வழக்கம். மாப்பிள்ளை தனசேகரன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் சேலையோடு வந்து நின்றான். அந்த மட்டும் வடிவாம்பாளுக்கு மனசு ஆறியிருந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம் மியூசியத்து அதிகாரி பரசுராமன் வடிவாம்பாள் இருந்த தெருவுக்கு வந்தார். மேல்நாட்டில் பல தேசத்துப் படங்களைச் சேர்த்து வைக்கிற கண்காட்சிக்கு இந்தப் படத்தையும் இரவல் தருகிறார்களாம். யார் இந்தப் பெண் என்று கேட்டார்.

"எம் பொண்ணு சார். பூவும் பொட்டுமா போய்ச் சேந்தவ."

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்கம்மா" என்றார். நல்ல மனுஷன்தான், குறை சொல்வதற்கில்லை.

வடிவாம்பாள் போனாள். பெட்டியில் அடைப்பதற்காகப் படத்தை மேஜைமேல் கிடத்தியிருந்தார்கள். பார்த்தவுடன் அவள் கண் நெற்றிக்குத்தான் போயிற்று. குங்குமம் உதிர்ந்து, மங்கி, அரைப் பொட்டுதான் இருந்தது. பெற்றவளுக்குப் பொறுக்குமா? அத்தனை சனம் பார்க்கப் போகிற இடத்துக்கு அரைப் பொட்டோடு அனுப்புவாளா? இடுப்பிலிருந்து சிமிழை எடுத்தாள், விரலை நனைத்தாள், அழுத்தி வைத்துவிட்டாள்.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க!" பரசுராமன் பதறினார். "யாருப்பா அங்க, தொடைச்சிடு! சீக்கிரம் தொடைச்சிடு!"

சேவகன் ஈரத்துணியோடு ஓடிவந்தான். புதுக் குங்குமத்தைத்தான் துடைத்தான். கூடவே பழையதும் வந்துவிட்டது. வடிவாம்பாள் "அது..." என்று வாயெடுப்பதற்குள் நெற்றி மொட்டையாகக் கிடந்தது. வெளியே லாரி நின்றது. வரைந்தவரோ அந்த வருஷ ஆரம்பத்திலேயே காலமாகிவிட்டார்.

"விடுங்கம்மா. யாருக்குத் தெரியப்போவுது" என்று பரசுராமன் பெட்டியை மூடச் சொன்னார்.

தெரியாமலா போயிற்று? அங்கே அந்தப் படத்துக்குத்தான் கூட்டமாம். நம் ஊர் வாரப் பத்திரிகையிலும் பக்கம் நிறையப் போட்டார்கள். அடியில் 'காஞ்சிபுரத்து இளம் விதவை' என்று கொட்டை எழுத்து.

டீக்கடையில் அதைப் பார்த்த தனசேகரன், பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு நேரே வந்தான்.

"அத்தே, நான் செத்துட்டனா?"

"மாப்பிள்ளே, அப்பிடிப் பேசாதீங்க."

"கடையில அத்தினி பேரும் கேக்கறாங்க, எப்போ காரியம்னு. எம் பொண்டாட்டி தாலியப் புடிச்சிக்கினு அழுவுறா. உம் பொண்ணு விதவைன்னா அவளுக்கு நான் எதுக்குச் சேல வெக்கணும்?"

அந்தத் தையில் அவன் வரவில்லை. வடிவாம்பாள் தானே ஒரு சேலையை வைத்தாள். வைத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பொட்டைத் தீண்டிய அதே கை.

படம் திரும்பி வந்ததும் மறுபடி மதராஸுக்குப் போய் நின்றாள்.

"ஒரு பொட்டு சார். யாரையாவது வெச்சு எழுதிடுங்க. அந்தப் பேரயும் எடுத்துடுங்க."

"சுமங்கலின்னு நான் சொல்லித்தான்மா அனுப்பனேன். அவங்க படத்தப் பாத்து வெச்ச பேரு அது" என்றார் பரசுராமன். "இப்ப உலகம் பூராவும் அந்தப் பேருலதான் தெரியுது. இனிமே கை வெக்க முடியாது."

படத்துக்கு இப்போது கண்ணாடி போட்டிருந்தார்கள். முன்னால் கயிறும் கட்டியிருந்தது. வடிவாம்பாள் கயிற்றோரமாக நின்று பார்த்தாள். கொஞ்சம் குனிந்தபோது, கண்ணாடியில் விழுந்த அவள் நெற்றிப் பொட்டு மகளின் நெற்றிக்கு நேராக வந்தது. அப்படியே அசையாமல் நின்றாள். இடுப்பு கடுத்தது, நிமிரவில்லை.

"நகரும்மா, மத்தவங்க பாக்க வேணாமா?" என்றான் காவல்காரன்.

நகர்ந்தாள். நெற்றி பழையபடி வெறுமையாயிற்று. பின்னால் வந்தவர்கள் அடியில் இருந்ததை வாய்விட்டுப் படித்துவிட்டு, "பாவம், சின்ன வயசு" என்றார்கள்.

போய் விளக்கேற்றுங்கள், என் கண்ணுங்களா. உங்கள் வீட்டுப் பெண்களைப் பிறர் வாய் வேறு பேர் வைத்துக் கூப்பிடாதிருக்கட்டும். உங்கள் வாசலில் மஞ்சளும் சிமிழில் குங்குமமும் குறையாதிருக்கட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள்.