பெரியப்பாவின் பதினொன்றரை மணி

எங்கள் ஸ்கேன் பிரிவுக்குத் தினமும் பதினொன்றரை மணிக்குப் பெரியப்பா வருவார். அதாவது, வரமாட்டார். அப்படியொரு ஆளே கிடையாது. அட்டவணையில் ஓர் இடத்தைப் பொய்ப் பெயரில் அடைத்து வைத்தால்தான் திடீரென்று வரும் அவசர கேஸை நுழைக்க முடியும். அந்தக் குறுக்குப் புத்தி அட்டவணை போடும் என்னுடையதுதான். மேலதிகாரிக்குத் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்கும் டெக்னீஷியனுக்குத் தெரியும்.

என் அண்ணனுக்கு மூளையில் கட்டி. வலது கண் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. புதிய படம் இருந்தால்தான் சனிக்கிழமை ஆபரேஷன், இல்லையென்றால் அடுத்த மாதம் என்று சர்ஜன் கறாராகச் சொல்லிவிட்டார். எங்களிடமோ மூன்று வாரத்துக்கு இடமில்லை. வெள்ளிக்கிழமைப் பெரியப்பாவின் இடத்தை அண்ணனுக்கு வைத்தேன். பெயரை மட்டும் மாற்றவில்லை. தங்கச்சி கொல்லைப்புறமாக நுழைத்துவிட்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே! மடச்சி, எனக்கு மானம் பெரிதாகப் பட்டது. டெக்னீஷியனிடம் காலையில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே அறையில் வேலைக்கு வரவேண்டிய இரண்டு பேர் வரவில்லை. மாற்று ஆள் தேடி போனும் கையுமாக அலைந்ததில் சொல்ல மறந்தே போனேன். பதினொன்று இருபதுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், ஸ்கேன் அறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிகிறது.

"உள்ள யாரு சார்?"

"விபத்து கேஸும்மா, பஸ் டிரைவர். காலை அசைக்க முடியல. முதுகு முழுக்க எடுக்கணும், முடிய மத்தியானம் ஒரு மணி ஆயிடும்." டெக்னீஷியன் சிரித்தார். "பெரியப்பா இடத்துல போட்டுட்டேன். அவரு கோவிச்சுக்க மாட்டாரே?"

அந்த ஆளை இறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்படி வரும்? ஒரு மணிக்கு டெக்னீஷியன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்புகிறார். பதில் ஆள் திங்கட்கிழமைதான். அந்த லீவுக்குக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். யாரைத் திட்டுவது?

அண்ணன் ஆஸ்பத்திரி அங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மோதிரத்தையும் வாட்ச்சையும் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு இடது கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"யாரோ டிரைவராம்மா, பாவம். ஸ்ட்ரெச்சர் உள்ள போக மாட்டேன்னுச்சு. நான்தான் கதவைப் புடிச்சுக்கிட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்து நான்தானேம்மா?" என்றார் அண்ணன்.