முதலில் சாகிறவள்

பேய்ப்படம் என்றாலாவது பரவாயில்லை, செத்த பிறகும் வேலை இருக்கும். இது முகமூடிக் கொலைகாரன் படம். செத்தால் செத்ததுதான்.

லோஷினிக்குக் கிடைத்தது முதலில் சாகிற வேடம். ஐந்து நண்பர்கள் செம்பனைத் தோட்டத்துப் பழைய பங்களாவில் தங்கப் போவார்கள். முகமூடிக்காரன் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவான். ஒருத்தி மட்டும் விடியலில் கேட்டைத் தாண்டி ஓடித் தப்பிப்பாள். அந்த ஒருத்தி சாருமதி. பங்களா அவள் அப்பாவுடையது, படம் எடுக்கப் பணம் போட்டவரும் அவர்தான். பிறகு யார் பிழைப்பது என்று சீட்டா குலுக்கிப் போடுவார்கள்?

"எல்லாத் தரப்பும் படத்துல தெரியணும் லா," என்றான் இயக்குநர் யுகேந்திரன். "உன்ன மாதிரி எஸ்டேட் பொண்ணு ஒண்ணு கண்டிப்பா வேணும்."

லோஷினி பிறந்து வளர்ந்தது ஜோகூர் பாரு நகரத்தில், தம்போய் அடுக்குமாடியில். படப்பிடிப்புக்குச் சிம்பாங் ரெங்கம் வந்தபோதுதான் முதன்முதலாக ஒரு தோட்டத்துக்குள் கால் வைத்தாள். எஸ்டேட் என்று அவள் நிறம் சொல்லிவிட்டது போலிருக்கிறது.

"பாதிப் படம் வரைக்குமாவது உயிரோட வைங்களேண்ணே."

"யாராச்சும் முதல்ல சாகணும்ல? நீ செத்தா ஜனங்க பாவப்படுவாங்க."

பாவம் யாருக்கு வேண்டும்? அவளுக்கு வேண்டியது அந்த ஓட்டம். பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதெல்லாம் மனசுக்குள் அந்தக் கேட்டைத் திறந்து ஓடியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை பிழைத்துப் பார்க்க வேண்டும் என்று அப்படி ஓர் ஏக்கம். சாருமதியைக் குறை சொல்லவும் முடியாது. நல்ல பெண், தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுப்பாள். தானும் சாகக்கூடும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

லோஷினியின் சாவை விடியற்காலையில் எடுத்தார்கள். ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி முகாம் சட்டை. அவள் சட்டையின் நெஞ்சில் சிவப்புச் சாயத்தைக் கொட்டினார்கள். கத்தினாள், விழுந்தாள், செத்தாள்.

பிணமாக நடித்தவர் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் சாங்கியம். இல்லாவிட்டால் சாவு ஆளோடு ஒட்டிக்கொள்ளுமாம். அம்மா பிரேமலாவும் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"எழுந்து சிரி," என்றான் யுகேந்திரன்.

எழுந்தாள். முன்னால் காமிரா, முதுகுக்குப் பின்னால் கேட், அதற்கப்பால் கிளம்பி வரும் சூரியன். சிரிக்கத்தான் நினைத்தாள். ஆனால் திரும்பி ஓடினாள். செம்மண் பாதையில் தலைதெறிக்க ஓடி, கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் நின்றபோது அழுகை அழுகையாக வந்தது. பிழைத்துவிட்டாள். பின்னால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிச்சியா?" என்று வீட்டில் அம்மா கேட்டாள்.

"சிரிச்சேம்மா."

சில மாதங்கள் கழித்து ஜோகூர் பாருவில் படத்தைத் திரையிட்டார்கள். பாப்கார்ன் ஆறுவதற்குள் லோஷினி செத்துப்போனாள். அம்மா குனிந்துகொண்டாள்.

கடைசிக் காட்சி. சாருமதி ஓட வேண்டிய விடியலில் மழை பிடித்துக்கொண்டது என்று லோஷினி கேள்விப்பட்டிருந்தாள். இன்னொரு நாள் எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தாள். திரையில், சூரியனுக்கு எதிரே ஒரு பெண் ஓடினாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் நிறம் தெரியவில்லை. இடது தோளைச் சரித்துக்கொண்டு ஓடும் அந்த ஓட்டத்தை லோஷினியின் உடம்பு அடையாளம் கண்டுகொண்டது.

அரங்கமே கைதட்டியது. கேட்டுக்கு அப்பால் அந்தப் பெண் நின்று திரும்பினாள். சாருமதியின் முகம்.

அன்றைக்கு ஓட்டத்தின் நடுவில் ஒரு நொடி திரும்பிக் காமிராவைப் பார்த்துச் சிரித்திருந்தால், அந்த ஓட்டத்தை இப்படி எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்திருக்க முடியுமா?

அம்மா இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்தாள். "ஸ்கூல் ஸ்போர்ட்ஸ்ல எத்தன தடவ பாத்திருக்கேன். ஓடுனது நீதானே?"

"ஆமாம்மா."

அம்மாவின் பிடி இறுகியது.

"அப்போ நீ சிரிக்கவே இல்லையாடி?"