அமுக்கிப் பார்த்த இடம்

மார்பில் இருந்து வெட்டி எடுத்தது கெட்ட கட்டி இல்லை என்று டொக்டர் நிசாந்தினி முதலில் சொன்னார். விஜயலெட்சுமி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இப்போதே இறங்கி நடந்தால் பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்து மடுல்சீமைக்குப் போய்விடலாம்.

"இருங்கோ அம்மா. இன்னும் ஒரு விசயம் கிடக்கு."

அவள் திரும்ப உட்கார்ந்தாள். பையைக் கழற்றவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அன்று இன்னும் நிறுத்தினார்.

"கட்டிக்குப் பக்கத்துச் சதையில வேற ஒண்டு கண்டிருக்கினம். பால் சுரக்கிற சின்னப் பைகள் இருக்கெல்லே, அதுக்குள்ள சில கலங்கள் பிழையா வளந்து நிக்குது. ரிப்போர்ட்டில கார்சினோமா எண்டு போட்டிருக்கும். பேரைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ. இது கான்சர் இல்லை."

"இல்லைன்னா எதுக்குங்க அந்தப் பேரு?"

"அந்த நாளில வச்ச பேர். இன்னும் மாத்தேல்லை."

"சரிங்க. மருந்து போட்டா போயிருமா?"

"அதால இப்ப ஒரு கரைச்சலோ தொந்தரவோ இல்லை. ஆனா அது இருக்கிற ஆக்களுக்குப் பிறகு கான்சர் வாற வாய்ப்புக் கூட. வெட்டின பக்கத்தில மட்டுமில்லை. ரெண்டு பக்கத்திலயும்."

விஜயலெட்சுமிக்கு நாற்பத்து நான்கு வயது. பதினேழு வயதில் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தவள். மழையில் மலை சரிந்து லயத்து வரிசையில் மூன்று காம்பிரா வீடுகளை மூடியபோது மண்வெட்டி எடுத்துத் தோண்டியவள். அவள் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எப்பங்க வரும்?"

"வராமலும் போகலாம். உங்களை மாதிரி நூறு பேரை நிக்க வச்சா, ஒரு வருசத்தில ஏறக்குறைய ஒராளுக்கு வரும். இருபது வருசத்தில இருபது பேருக்குக் கிட்ட. மிச்ச எண்பது பேருக்கு வராது. நீங்கள் எந்தப் பக்கம் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

பிறகு செய்யக்கூடியதையும் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மார்பைப் படம் பிடிக்க வேண்டும். ஐந்து வருடம் தினம் ஒரு குளிசை போட்டால் ஆபத்து பாதியாகக் குறையும். உடம்பு காந்தும், மாதவிலக்கு குழம்பும், மிக அபூர்வமாகக் காலில் இரத்தம் கட்டும். இரண்டு மார்பையும் எடுத்துவிடுகிற வழியும் உண்டு. சொந்தத்தில் பலருக்குப் புற்றுநோய் வந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் அதைப் பேசுவோம் என்றார். விஜயலெட்சுமியின் சொந்தத்தில் யாருக்கும் இல்லை.

"இண்டைக்கே முடிவு சொல்லத் தேவையில்லை. ஆறு கிழமை, ஒண்டரை மாசம், யோசிச்சிட்டு வாங்கோ."

வெளியே நஸ்மியா மிஸ், அந்தக் கிளினிக்கின் தாதி, அவளை ஒரு திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் மூன்று விரல்களின் சதையால் எப்படித் தடவிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்தார். மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றார். மாதம் என்ற சொல் மட்டும் விஜயலெட்சுமியின் காதில் நிற்கவில்லை.

*

அடுத்த நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் பதிகிற வரிசையில், அவள் பெண்களை எண்ணினாள்.

கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டுப் பேர். நூறு வரவில்லை. மேல் பிரிவுப் பெண்களையும் மனதுக்குள் கொண்டுவந்து பின்னால் நிறுத்தினாள். இப்போது நூறு. இவர்களில் வருடம் ஒருத்தியின் பேரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவள் வரிசையை விட்டு வெளியே வர வேண்டும். அடுத்த வருடம் இன்னொருத்தி. யாரும் லீவு போட முடியாது. ஒளிய முடியாது.

"விஜயலெட்சுமி!"

அவள் வரிசையை விட்டு ஒரு அடி வெளியே வந்துவிட்டாள்.

"என்ன, பேயப் பாத்த மாதிரி முழிக்கிற? ஏழாம் நம்பர் மலைக்குப் போ," என்றார் கணக்கப்பிள்ளை.

பக்கத்தில் நின்ற பெரியாயி பனி நனையாமல் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டே சிரித்தாள். "ஆஸ்பத்திரியில கட்டியோட சேத்துக் காதையும் வெட்டிட்டாங்க போல."

விஜயலெட்சுமி கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள்.

கணவன் இராசையாவிடம் அன்று பின்னேரம்தான் சொன்னாள். அவன் தின்னும்போது பேசாதவன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்டான். அவன் தோட்டத்தில் செடி பிடுங்குகிற கூட்டத்தில் இருபது வருடம் வேலை செய்தவன். வேர் நோய் கண்ட தேயிலையைக் கிளறி எடுத்து எரிப்பது அவன் வேலை.

"செத்த செடிய மட்டும் புடுங்கினா நிக்குமா? நிக்காது," என்றான். "சுத்தி நல்லா இருக்கிற செடியையும் ஒரு வளையம் புடுங்கணும். பச்சப்பசேல்னு நிக்கும், பாக்கப் பாவமாத்தான் இருக்கும். ஆனா புடுங்கணும். ரெண்டையும் எடுத்துரச் சொல்லு."

"உங்களுக்கு என்ன? உங்க நெஞ்சா?"

"எனக்கு நீ வேணும் புள்ள."

"நான் வேணும்னா சும்மா இருங்க. இது நோயே இல்லைன்னு டொக்டரம்மா சொல்லுது."

"நோயில்லாததுக்கு எதுக்கு அஞ்சு வருசம் குளுசை?"

அவளும் அதையேதான் முந்தின நாள் திரும்பும்போது பஸ்ஸில் பசறை வரும்வரை தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

*

அடுத்த நாள் வெளிச்சம் குறைந்த குளிக்கிற இடத்தில் சவர்க்காரம் போட்டு மூன்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் இல்லாததால் தெரியவில்லையா, இருந்தும் தெரியவில்லையா என்பது புரியவில்லை.

விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்தேழு வருடக் கொழுந்து அந்த விரல்களில் இருந்தது. நுனியில் தோல் தடித்துக் கறுத்து, காம்பு கீறிய கோடுகளில் கறை ஏறி, பாதத் தோல் மாதிரி ஆகியிருந்தது. சுடு சோற்றுப் பானையைத் துணியில்லாமல் தூக்குகிற விரல். நஸ்மியா மிஸ்ஸின் விரல் பஞ்சு மாதிரி இருந்தது. அந்த விரலுக்குத் தெரிகிறது இதற்குத் தெரியுமா?

தெரியாவிட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினாள்.

மறுநாளும் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் அழுத்தி. பிறகு காலையில் ஒருமுறை, மலையில் இருந்து இறங்கியதும் ஒருமுறை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையைப் பிடித்து, கொழுந்தில் முற்றல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி நசுக்கினாள். வெட்டிய பக்கத்தை விட நல்ல பக்கத்தில்தான் கை அதிகம் போனது. அங்கேதான் ஒளிந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. மலையில் தேயிலை நிரையில் நிற்கும்போதும் கை தானாக உள்ளே போகும். பெரியாயி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"அடி, சொறியா? வேப்பில அரைச்சுப் போடு."

"ஆமாக்கா. சொறிதான்."

மூன்றாம் கிழமை, வெட்டாத வலது பக்கத்தில், காம்புக்கு மேலே, ஒரு கெட்டியான இடம் அவள் விரலுக்கே தெரிந்தது.

அவள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் குழாயில் ஓடிக்கொண்டே இருந்தது. பெருவிரல் அளவு. தொட்டால் வலித்தது. ஆறு கிழமைகூட ஆகவில்லை. நூறு பேரில் ஒருத்தி என்றால், முதல் வருடத்து ஒருத்தி அவள்தான்.

இராசையா கதவைத் தட்டினான். "என்ன புள்ள, தண்ணிய இப்பிடி விட்டிருக்க?"

அவள் கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றான். சொன்ன உடனேயே சொல்லியிருக்கக்கூடாது என்று தெரிந்து வேறு பக்கம் பார்த்தான்.

*

மறுநாள் இருவரும் விடியற்காலை பஸ்ஸில் ஏறினார்கள். ஹப்புத்தளையில் இருக்கிற மகள் துஷாந்தினிக்குச் சொல்ல வேண்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மகளுக்கும் இரண்டு மார்பு இருக்கிறது என்பதை அப்போதுதான் நினைத்தாள். உடனே நினைப்பை நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

குறித்துக் கொடுத்த நாளுக்கு முன்னமே வந்ததால் கடைசி ஆளாகத்தான் உள்ளே விட்டார்கள். நாலு மணித்தியாலம் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனதும் உட்காராமலே சொன்னாள்.

"ரெண்டையும் எடுத்துருங்க டொக்டரம்மா. வந்துருச்சு."

டொக்டர் அவளைப் படுக்க வைத்துச் சட்டையை விலக்கினார். பார்த்தவர் கையை வைக்கவில்லை. அந்த இடம் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. பக்கத்தில் சின்னச் சின்னதாக இன்னும் நாலைந்து.

டொக்டர் எழுந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்ற இராசையாவைப் பார்த்தார். பார்வை நல்லதாக இல்லை.

"நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ."

அவன் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மா, ஆர் அடிச்சது? அவரோ?"

"ஐயோ, இல்லைங்க! அவரு கை நீட்ட மாட்டாரு."

"அப்ப இது என்ன?"

"நான்தாங்க. அமுக்கி அமுக்கிப் பாத்தேன். என் வெரலுக்கு ஒண்ணும் தெரியல. அதான் நல்லா அமுக்கினேன்."

"எத்தினை தரம்?"

"ஒரு நாளைக்கு ரெண்டு தரங்க. சில நாளு நாலு."

டொக்டர் அவள் வலது கையை எடுத்து விரல் நுனிகளைத் தன் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"உங்கடை வேலையை யோசிக்காமல் நாங்கள் சொல்லிக் குடுத்திட்டம்," என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். குளிர்ந்த பசை, கறுப்புத் திரை, டொக்டர் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் விஜயலெட்சுமி செத்துப் பிழைத்தாள். கடைசியில் உள்ளே இரத்தம் கசிந்து கன்றியிருக்கிறது என்றார்கள். நசுக்கியதால் வந்தது. நாலு கிழமையில் கரைய வேண்டும். கரைந்ததா என்று திரும்பப் பார்ப்பார்கள்.

"கரையாட்டி?"

"கரையாட்டி ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாப்பம். கரையும் எண்டுதான் நினைக்கிறன்."

இராசையாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்று, வேர் நோயையும் வளையத்தையும் சொன்னான். டொக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எடுத்தா ஆபத்து நல்லாக் குறையும். அது உண்மை, நான் மறைக்கேல்லை. ஆனா இது ஒரு செடியில இருந்து மற்றச் செடிக்குப் பரவுற நோயில்லை ஐயா. வராமலே போகக்கூடிய ஒண்டுக்காகப் பெரிய ஒப்பரேசன். தையல் ஆறினாலும் தோள் இறுகலாம். முடிவு அம்மாவின்ரை. ஆனா இண்டைக்கு இந்தப் பயத்தில நிண்டு எடுக்கிற முடிவை நான் எழுத மாட்டன்."

"விஜயா, நீ சொல்லு," என்றான் இராசையா.

அவளுக்கு இரண்டு பக்கமும் பயம். கத்திக்கும் பயம், கத்தி இல்லாமல் இருபது வருடம் இருக்கவும் பயம். இதில் எது சின்னது என்று பார்த்தாள். சின்னது என்று ஒன்றும் இல்லை. ஆனால் குளிசையை இன்றைக்கு ஆரம்பித்து நாளைக்கு நிறுத்தலாம். மார்பை வெட்டினால் திரும்ப வைக்க முடியாது.

"குளுசை குடுங்க," என்றாள். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா உங்க வெரலால பாருங்க. பயம் தாங்கலைன்னா நானே வந்து வெட்டச் சொல்லுவேன்."

"வாங்கோ. அப்ப கதைப்பம். இனி அமுக்க வேண்டாம். மாசம் ஒருக்கா கண்ணாடியில பாருங்கோ. தோல் சுருங்குதோ, காம்பு உள்ளுக்குப் போகுதோ, வடிவம் மாறுதோ எண்டு கண்ணால பாருங்கோ. தடவுறது எங்கடை வேலை."

*

பின்னேர பஸ்ஸில் இடம் கிடைத்தது. குளிசைப் பெட்டி மடியில் இருந்தது. முதல் குளிசையை ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுங்கிவிட்டாள். வயிற்றில் அது எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். பதுளை டவுனைத் தாண்டுவதற்குள் அவள் வலது கை சேலைத் தலைப்புக்குள் போயிருந்தது. எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. வெளியே இழுத்தாள். இரண்டு வளைவு தாண்டியதும் திரும்பப் போனது.

"இந்தாங்க," என்றாள். "புடிச்சுக்கங்க."

"என்னத்த?"

"கைய."

இராசையா முன் சீட்டையும் பின் சீட்டையும் பார்த்தான். "ஆளுக பாக்குறாங்க புள்ள."

"பாக்கட்டும். விட்டீங்கன்னா அமுக்கிருவேன்."

அவன் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். பிடுங்க வந்த வேரைப் பிடிக்கிற பிடி அது, வலித்தது. அவள் விடச் சொல்லவில்லை. விரல்கள் மட்டும் அவன் பிடிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்துகொண்டே இருந்தன.